‘கணைய அழற்சியாக இருக்கலாம்’: ஒரு வருடமாக உறுதியான பதில் இல்லை, நான் என்ன செய்வது?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு 41 வயது. ஒரு வருடத்துக்கு முன் ஒரு நள்ளிரவில் மேல்வயிற்றில் உயிர் போகிற வலி. முதுகு வரை இழுத்தது, வாந்தியும் எடுத்தேன். அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் லிபேஸ் என்ற கணைய நொதி 131 என்று வந்தது (அந்த லேபில் 60 வரை நார்மல்). சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ‘லேசான கணைய அழற்சி’ என்று எழுதி அனுப்பினார்கள். அடுத்துப் பார்த்த டாக்டர், ‘அதெல்லாம் இல்லை, அல்சரும் டென்ஷனும்தான்’ என்றார். பிறகு எடுத்த அல்ட்ராசவுண்டில் கணையம் சற்றுப் பருமனாகத் தெரிவதாகவும் பித்தப்பையில் லேசான கசடு இருப்பதாகவும் போட்டிருந்தார்கள். மூன்றாமவர் எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் ஸ்கேன் (இ.யு.எஸ்.) எடுத்து, ‘நாள்பட்ட கணைய அழற்சியின் ஆரம்பநிலையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதியிருக்கிறார்.

அதன்பின் அப்படியொரு பெரிய வலி வரவில்லை. ஆனால் இடது விலாவுக்குக் கீழே தினமும் மந்தமாக ஒரு வலி. கட்டிலிலிருந்து எழும்போது அதிகமாகிறது. பயத்தில் கொழுப்புள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், 8 கிலோ குறைந்திருக்கிறேன். அடிக்கடி நானே போய் லிபேஸ் பார்க்கிறேன்: 74, 58, 90, 66 என்று ஏறி இறங்குகிறது. இரவெல்லாம் போனில் கணையப் புற்றுநோய் பற்றிப் படிக்கிறேன். மனைவி, ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன?’ என்கிறாள். இ.ஆர்.சி.பி. செய்து பார்த்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். செய்யலாமா? எனக்குக் கணைய அழற்சி இருக்கிறதா, இல்லையா? மதுவை அந்த இரவுக்குப் பிறகு தொடவில்லை. சிகரெட் மட்டும் தினம் நாலைந்து.

பதில்:

அவசரமான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ‘செய்து பார்த்துவிடலாம்’ என்ற காரணத்துக்காக இ.ஆர்.சி.பி. வேண்டாம். அது வாய் வழியாகக் குழாயை விட்டு, பித்தநாளமும் கணையநாளமும் குடலில் திறக்கும் வாசலுக்குள் நுழைகிற சிகிச்சை. அடைத்திருக்கும் கல்லை எடுக்க, சுருங்கிய நாளத்தை விரிக்க அருமையான வழி. ஆனால் அதைச் செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேருக்கு, அதனாலேயே கணைய அழற்சி வருகிறது. இல்லாத நோயைத் தேடப் போய் அதே நோயை வாங்கிக்கொண்டு வர வேண்டாம். நாளங்களின் படம்தான் வேண்டும் என்றால் எம்.ஆர்.சி.பி. போதும். அது எம்.ஆர்.ஐ. வகை, உள்ளே எதுவும் நுழைவதில்லை, கதிர்வீச்சும் இல்லை. இ.ஆர்.சி.பி.யைச் சொன்ன டாக்டரிடம், ‘உள்ளே போய் எதைச் சரிசெய்யப் போகிறீர்கள்?’ என்று மரியாதையாகவே கேளுங்கள். கல், அடைப்பு, சுருக்கம் என்று தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். ‘பார்க்கலாம்’ என்பது பதிலாக வந்தால் காத்திருக்கலாம்.

சரி, ‘இருக்கிறதா, இல்லையா’ என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த இரவு வந்த வலி. இரண்டு, இ.யு.எஸ்.ஸில் தெரிந்த மாற்றங்கள். மூன்று, தினமும் இருக்கும் மந்தமான வலி. நீங்களும் உங்களைப் பார்த்த மூவரும் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கிடைக்காமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. மூன்றும் ஒரே நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

முதலில் அந்த இரவு. திடீர் கணைய அழற்சி என்று சொல்ல உலகில் பரவலாகப் பயன்படும் அளவுகோல், 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு. அதன்படி மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: கணையத்துக்கே உரிய வலி, லிபேஸோ அமைலேஸ் என்ற இன்னொரு நொதியோ அந்த லேபின் உச்ச அளவைப் போல் மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் அழற்சி தெரிவது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு இழுத்த உங்கள் வலி முதலாவதற்குப் பொருந்துகிறது. லிபேஸ் 180ஐத் தொட்டிருக்க வேண்டும், 131தான் இருந்தது. ஸ்கேனும் நார்மல். ஆக, மூன்றில் ஒன்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கணைய அழற்சி’ என்று அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது, ‘சந்தேகம்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு முறை கோப்பில் ஏறிய பெயரை அடுத்துப் பார்க்கும் டாக்டர் அப்படியே நகலெடுப்பார். இரண்டாம் முறை எழுதும்போது அது நிரூபணமான விஷயம் மாதிரி தோற்றம் எடுத்துவிடும்.

அதற்காக இரண்டாவது டாக்டர் சொன்னதுதான் சரி என்றும் ஆகிவிடாது. வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சிடி ஸ்கேன், உண்மையான கணைய அழற்சியிலும் நார்மலாக வரலாம்; முழுப் படம் தெரிய இரண்டு மூன்று நாளாகும். லிபேஸ் நாலைந்து மணி நேரத்தில் ஏறத் தொடங்கி ஒரு நாளில்தான் உச்சத்துக்குப் போகும். உங்கள் ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது, மறுநாள் மறுபடி பார்த்தார்களா என்று கடிதத்தில் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு முழு ரிப்போர்ட்டையும் வாங்குங்கள், ஒரு பக்க சம்மரி போதாது. அதில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி எவ்வளவு என்று பாருங்கள். நான் ஆர்வமாகத் தேடும் எண் அதுதான்.

ஏன் என்றால், உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்களே தாண்டிப் போய்விட்டீர்கள்: பித்தப்பையில் லேசான கசடு. கணைய அழற்சிக்கு உலகில் மிகச் சாதாரணமான காரணங்கள் இரண்டு: பித்தக்கல், மது. கல் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த பொடிக்கல்லோ கெட்டியான கசடோ பித்தப்பையிலிருந்து நழுவி, நாளங்கள் குடலில் திறக்கும் அந்த வாசலை ஒரு மணி நேரம் அடைத்துவிட்டுக் குடலுக்குள் போய்விடலாம். காலையில் ஸ்கேன் எடுக்கும்போது தடயமே இருக்காது. ஆனால் அந்த இரவு ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. 150ஐத் தாண்டி இருந்திருந்தால் பித்தக்கல்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். அது கணையத்தைத் தொடாத வெறும் பித்தக்கல் வலியாகவும் இருந்திருக்கலாம். அதிலும் லிபேஸ் கொஞ்சம் ஏறும். இ.யு.எஸ். ரிப்போர்ட்டில் கணையத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பித்தப்பை, பித்தநாளம் பற்றியும் அதில் இரண்டு வரி இருக்க வேண்டும். எடுத்துப் படியுங்கள். இல்லாவிட்டால் பித்தப்பைக்கென்றே ஒரு அல்ட்ராசவுண்டு, வெறும் வயிற்றில், மறுபடி எடுங்கள். கசடு இன்னும் இருக்கிறது, அந்த இரவின் எண்களும் ஒத்துப்போகின்றன என்றால், பித்தப்பையை எடுத்துவிடலாமா என்று அறுவை மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். இன்னொன்று: பல நாள் அரைகுறையாகச் சாப்பிட்டாலும், வேகமாக எடை குறைந்தாலும் பித்தப்பையில் கசடு சேரும். கணையத்தைக் காப்பதாக நினைத்து நீங்கள் இருக்கும் பட்டினி பித்தப்பைக்கு நல்லதில்லை.

அப்படியே ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் கால்சியமும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். டிரைகிளிசரைடு 1000ஐத் தாண்டினால் அதுவே கணைய அழற்சியைக் கொண்டுவரும். பட்டினி போட்டதும் அது சட்டென இறங்கிவிடும் என்பதால், வலி வந்த அன்றைக்கே பார்ப்பதுதான் பயன். வழக்கமாக மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலையும் காட்டுங்கள். சில மருந்துகள் கணையத்தைச் சீண்டும்.

அடுத்து இ.யு.எஸ். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஒரு வரிதான் என்று புரிகிறது. அந்த ஸ்கேனில் கணையத்தின் திசுவையும் நாளத்தையும் பார்த்து, கோடுகள், புள்ளிகள், நாளச் சுவரின் தடிப்பு என்று வழக்கமாக ஒன்பது அடையாளங்களைத் தேடுவார்கள். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் நாள்பட்ட கணைய அழற்சியின் பக்கம் சாயலாம். இரண்டுக்குள் இருந்தால் இல்லை என்பார்கள். மூன்றோ நாலோ இருந்தால்தான் உங்களுக்கு எழுதிய மாதிரி எழுதுவார்கள். ஒரே படத்தைத் தேர்ந்த இரண்டு நிபுணர்களிடம் கொடுத்தால் இருவரும் ஒரே எண்ணிக்கையைச் சொல்வார்கள் என்று உத்தரவாதம் கிடையாது. வயது கூடினால், உடல் பருத்திருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், நோயே இல்லாதவர்களுக்கும் இந்தக் கோடுகள் தெரியும். புகை பிடிப்பவர்களுக்கும் அப்படித்தான். நீங்கள் அந்தக் கடைசிக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதியவரை நான் பாராட்டுவேன். ‘நாள்பட்ட கணைய அழற்சி’ என்று எழுதிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், அந்தப் பெயரை வாழ்நாளெல்லாம் சுமப்பது நீங்கள். அல்ட்ராசவுண்டில் சொன்ன ‘பருமன்’ பற்றிக் கவலையே வேண்டாம். கணையத்தின் பருமன் ஆளுக்கு ஆள் மாறும், வயதாக ஆகச் சுருங்கும். அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கொஞ்சம் திசு எடுத்துப் பார்த்து முடிவு கட்டினால் என்ன என்று தோன்றலாம். கட்டியென்று சந்தேகம் வந்தால் ஊசி வழியாக எடுப்போம். ஆரம்பநிலை அழற்சியைத் தேடி எடுப்பதில்லை. மாற்றங்கள் திட்டுத்திட்டாக இருப்பதால் ஊசி பட்ட இடத்தில் இல்லாமல் போகலாம், கணையத்தைச் சும்மா குத்துவதும் நல்லதில்லை. ஆரம்பநிலை நாள்பட்ட அழற்சியை இன்றைக்கே உறுதிசெய்ய நம்பத்தகுந்த பரிசோதனை எதுவும் இல்லை. உங்களுக்கு இருந்தால், காலப்போக்கில் நாளம் விரியும், சுண்ணாம்புப் படிவு தெரியும், சர்க்கரை ஏறும். இல்லையென்றால் வருடங்கள் போனாலும் படம் அப்படியே இருக்கும். அந்த விடையை அவசரப்படுத்த முடியாது. உறுதியாகவே ஒரு முறை திடீர் கணைய அழற்சி வந்தவர்களை எடுத்துக்கொண்டால்கூட, அது நாள்பட்டதாக மாறுவது சுமார் பத்தில் ஒருவருக்குத்தான். உங்களுக்கு அந்த முதல் தாக்குதலே உறுதியாகவில்லை.

மூன்றாவது, தினசரி வலி. இதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கணையமாகத் தோன்றவில்லை. கணையம் வயிற்றின் ஆழத்தில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அதன் வலி கட்டிலிலிருந்து எழுவதற்காகக் காத்திருக்காது. மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் அழுத்துங்கள். அழுத்தியபடியே, கைகளை ஊன்றாமல் தலையையும் தோளையும் மட்டும் மெல்லத் தூக்குங்கள். வயிற்றுத் தசை இறுகும். அப்போது வலி கூடினால் அது வயிற்றுச் சுவரிலிருந்து வருகிறது. தசையோ, தசைக்குள் மாட்டிக்கொண்ட சிறு நரம்போ. வலி குறைந்தால் காரணம் உள்ளே இருக்கலாம். கார்னெட் சோதனை என்று இதற்குப் பெயர், 1926 முதல் இருக்கிறது, செலவே இல்லாதது. ஸ்கேன்கள் வந்தபின் பலர் இதை மறந்துவிட்டார்கள். அடுத்த முறை டாக்டரிடம், ‘என் வயிற்றைக் கை வைத்துப் பார்த்துவிட்டு, இதையும் செய்து பார்க்கிறீர்களா?’ என்று கேளுங்கள். வயிற்றுச் சுவர்தான் என்று தெரிந்தால், மரத்துப்போகும் ஊசியை அந்த இடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். பலருக்கு அதிலேயே தெளிவு கிடைத்துவிடும்.

வயிற்றுச் சுவர் காரணம் இல்லை என்றால், குடலின் உணர்வு நரம்புகள் மிகையாக வேலை செய்யும் நிலைகளைப் பற்றி யோசிக்க வேண்டும். இதற்கு மிகக் குறைந்த அளவில், மனச்சோர்வுக்குத் தருகிற மருந்து ஒன்றை எழுதுவார்கள். ‘எனக்கு மனநோய் என்கிறார்களே’ என்று கோபப்படாதீர்கள். அந்த அளவில் அது வலி நரம்புகளை அடக்கத்தான். வலியும் நிஜம்தான். தவிர்க்க வேண்டியது டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகளைத் தினசரிப் பழக்கமாக்குவது. சில மாதம் போனால் அவையே வயிற்று வலியைக் கூட்டும்.

இப்போது நீங்கள் நிறுத்த வேண்டியது: வலி இல்லாத நாளில் லிபேஸ் பார்ப்பது. 74, 58, 90, 66 என்ற வரிசையில் கணையத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. நாள்பட்ட கணைய அழற்சி நன்றாக முற்றியவர்களுக்கே லிபேஸ் நார்மலாக இருக்கலாம். எந்த நோயும் இல்லாத சிலருக்கு வருடக்கணக்கில் உயர்ந்தே இருக்கலாம். இப்படியொரு கூட்டம் இருப்பதை 1996இல் இத்தாலிய மருத்துவர் லூசியோ குல்லோ விவரித்தார். சிறுநீரகம் மந்தமாக வேலை செய்தாலும் லிபேஸ் ஏறும். அதனால் கிரியாட்டினின் ஒரு முறை பார்த்துவிட்டு, அதோடு விடுங்கள். லிபேஸுக்கு மதிப்பு இருப்பது ஒரே நேரத்தில்தான்: அந்த இரவு மாதிரி வலி வந்து, அது அடங்குவதற்குள் எடுக்கும் ரத்தத்தில்.

எட்டுக் கிலோ குறைந்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், உங்கள் டாக்டரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டைக் குறைத்ததால் குறைந்தது என்றால், ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் ஏற வேண்டும். ஒன்றிரண்டு மாதம் வயிறாரச் சாப்பிட்டும் ஏறவில்லை, அல்லது இன்னும் இறங்குகிறது என்றால் அது வேறு விஷயம், தேடித்தான் ஆக வேண்டும். கொழுப்பை அறவே விட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. சிறு சிறு வேளைகளாக, எல்லாச் சத்தும் சேர்த்துச் சாப்பிடுங்கள். கொழுப்பைச் செரிக்கும் திறனைக் கணையம் இழக்க வேண்டுமானால் அதன் வேலைத்திறனில் ஏறக்குறைய 90 சதவீதம் போயிருக்க வேண்டும். அப்படிப் போனால் மலம் எண்ணெய்ப் பசையாக, வெளிறி, மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையென்று நினைக்கிறேன். சந்தேகமிருந்தால் மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கலாம், ஆனால் வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் கொடுக்காதீர்கள். நீர்த்த மலத்தில் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். அப்புறம் அந்த எண்ணும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

புற்றுநோய் பயம் பற்றி. காரணம் தெரியாத கணைய வலியோடு எடையும் குறைந்தால் அந்தக் கேள்வியை மருத்துவர்கள் கேட்டே ஆக வேண்டும், நீங்கள் பயந்தது தவறில்லை. ஆனால் அதற்கான விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. கணையத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு கட்டியைக்கூடக் கண்டுபிடிப்பதில் இ.யு.எஸ்.ஸை மிஞ்ச வேறு ஸ்கேன் இல்லை. அது எடுத்தாயிற்று. கட்டி எதுவும் எழுதப்படவில்லை. கணையப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சி.ஏ.19-9 ரத்தப் பரிசோதனையை நீங்களாகப் போய்ச் செய்துகொள்ளாதீர்கள். பித்த அடைப்பிலும் அது ஏறும், பிறவியிலேயே அதை உற்பத்தி செய்யாதவர்களும் உண்டு; நோய் இல்லாதவரிடம் தேடுவதற்கான பரிசோதனை அல்ல அது.

சிகரெட்டுக்கு வருவோம். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் கடிதத்திலேயே முக்கியமான வரி அது. மது தொடாதவருக்கும் புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். இருக்கிற அழற்சியை வேகமாக முற்றவும் வைக்கும். உங்களுக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் தரும் ஒரே சிகிச்சை இன்றைக்கு இதுதான், அதற்கு எந்த ஸ்கேனும் உறுதி சொல்ல வேண்டியதில்லை. நாலைந்துதானே என்று குறைத்துப் பார்க்காதீர்கள், முழுதாக விடுங்கள். தனியாக முடியவில்லை என்றால் நிக்கோட்டின் பட்டையோ மாத்திரையோ கேட்டு வாங்குங்கள். மதுவை விட்டது நல்ல காரியம், திரும்பிப் போகாதீர்கள்.

ஒரே டாக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூவரில் யார் உங்கள் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டாரோ அவரையே வைத்துக்கொள்ளலாம். நாலாவது ஆளிடம் போனால் நாலாவது பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள்: வலி வந்த நாள், எத்தனை மணி நேரம், லிபேஸ் எவ்வளவு, அந்த லேபின் உச்ச அளவு எவ்வளவு, எந்த ஸ்கேனில் என்ன. எல்லா ரிப்போர்ட்டையும் பையோடு கொட்டினால் யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள், நான் உட்பட. அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘மறுபடி எப்போது படம் எடுக்க வேண்டும்?’, ‘அதில் என்ன மாறினால் உங்கள் முடிவு மாறும்?’ நானாக இருந்தால் ஆறு மாதத்தில் எடை, சர்க்கரை அளவு. ஒரு வருடத்தில் எம்.ஆர்.சி.பி. அல்லது இ.யு.எஸ்.; நடுவில் பெரிய வலி வந்தால் மட்டும் அதற்கு முன்பே. தேதி குறித்துவிட்டால் இடைப்பட்ட மாதங்களில் நீங்கள் தினமும் காவல் காக்க வேண்டியதில்லை. இரவில் தேட வேண்டும் போலிருந்தால், கேள்வியை அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிவிட்டுப் போனை அடுத்த அறையில் வையுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி அதிகமாகத் தெரியும்.

உங்கள் மனைவி சொல்வதில் நம்பிக்கையின்மை இருப்பதாக எனக்குப் படவில்லை. ஒரு வருடமாக உங்களையே பார்த்துக்கொண்டிருப்பவரும் பயந்துதான் போயிருப்பார். ‘நார்மல்தானே’ என்பது அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக இருக்கலாம். அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘நோய் இல்லை என்று சொல்லவில்லை, உறுதியாகவில்லை என்றுதான் சொல்கிறேன்’ என்று டாக்டர் வாயால் அவர் கேட்பது நீங்கள் விளக்குவதைவிட நன்றாக வேலை செய்யும். அலுவலகத்தில் நோயின் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. வயிற்றுப் பிரச்சினைக்குப் பரிசோதனை நடக்கிறது என்றால் போதும்.

கடைசியாக, வலி திரும்பினால் என்ன செய்வது என்று வீட்டில் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அந்த இரவைப் போல மேல்வயிற்று வலி வந்து ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டால் சாப்பிடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே லிபேஸ், எஸ்.ஜி.பி.டி., டிரைகிளிசரைடு, கால்சியம் நாலையும் அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், அந்த ஒரு பக்கத் தாளைக் காட்டுங்கள். காய்ச்சல், நிற்காத வாந்தி, மூச்சு வாங்குவது, கண்ணில் மஞ்சள், கறுத்த சிறுநீர், தலைசுற்றி மயக்கம் வருவது: இவற்றில் எது சேர்ந்தாலும் அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.